விடுதலை பிச்சையா? உரிமையா?
பிரஞ்சு நாடக மேடையில் அடிமைகள்



இன்று இக்கூட்டத்தில் பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் நாடகமாகும். நாடகத்தைப் பற்றிப் பேசவா இத்தனை பேரைக் கூட்டினார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாடகம் என்பது ராத்திரியில் கண் விழித்துப் பார்த்துவிட்டு விடிந்ததும் மறந்துவிடுகிற வேடிக்கை மாத்திரமல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு நாடகக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். அங்கே எதைக் கண்டு அழுகிறோமோ, எதைக் கண்டு சிரிக்கிறோமோ, எதைக் கண்டு கை தட்டுகிறோமோ, அதுவே நமது புத்தியில் ஊறிப் போகின்றது.

அரிச்சந்திர நாடகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அரிச்சந்திரன் விலைக்கு வாங்கப்பட்ட அடிமையாய் மயானத்தில் நிற்கும்போது ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். எதற்காக அழுகிறார்கள்? ஒரு ராஜா அடிமையாகிவிட்டானே என்பதற்காக அழுகிறார்கள். மனிதனைக் கடைத்தெருவில் நிறுத்தி விலை கூறலாமா என்று அந்த நாடகத்தில் வருகிறவர்களில் ஒருவனும் கேட்பதில்லை. பார்க்கிறவர்களில் ஒருவனும் கேட்பதில்லை. ராஜாவுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்தவுடன் எல்லோரும் திருப்தியாய் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைத்தெரு அப்படியே இருக்கின்றது!

இந்தக் கேள்வியைக் கேட்ட நாடகங்கள் உலகத்தில் உண்டா என்றால், உண்டு. பிரஞ்சு தேசத்தில் உண்டு. அவை எப்படிக் கேட்டன, எந்த இடம் வரைக்கும் கேட்டன, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டன, மூடிய வாயைத் திறந்தவர்கள் யார் என்பதைத்தான் நாம் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்தக் காலத்து நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்காவின் பக்கத்துக் கடலில் மார்த்தினிக், குவாதலூப், சான் தொமிங் என்ற தீவுகள் இருந்தன. அங்கே கரும்பும் காப்பியும் பயிராயின. பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களாவார்கள். 1789-ல் சான் தொமிங் தீவில் மாத்திரம் சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சுமார் 30,000 பேர்தான். ஆளுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இருந்தும் அந்தச் சிறு கூட்டத்திற்கு இவர்கள் அடங்கி நடந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் என்ன? சாட்டை ஒரு காரணம். சட்டம் ஒரு காரணம். சாமி ஒரு காரணம்.

பதினான்காம் லூயி ராஜா 1685-ம் வருஷத்தில் 'கறுப்புச் சட்டம்' என்று ஒன்று போட்டார். அதன்படி அடிமை என்பவன் மேஜை நாற்காலியைப் போல ஒரு தட்டுமுட்டுச் சாமான். ஓடிப்போய் ஒரு மாதம் தலைமறைவாயிருந்து பிடிபட்டால் இரண்டு காதையும் அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் தடவை ஓடினால் கால் நரம்பை அறுக்க வேண்டும். மூன்றாம் தடவைக்கு மரண தண்டனை. ஆனால், தோழர்களே, அந்தச் சட்டத்தின் இரண்டாவது விதி என்ன தெரியுமா? அடிமைகள் அனைவருக்கும் ஞானஸ்நானம் செய்வித்துக் கத்தோலிக்க மதத்தைப் போதிக்க வேண்டும் என்பதாகும். காதை அறுக்கும் விதி 38-வது. ஆத்மாவைக் காப்பாற்றும் விதி 2-வது! மோட்சத்திற்கு வழியை முதலில் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் காதில் கை வைத்தார்கள். மதத்திற்கும் சாட்டைக்கும் உள்ள சிநேகத்திற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

நிற்க, பாரிஸ் பட்டணத்து நாடக மேடைக்கு வருவோம். 1725-ம் வருஷத்தில் மாரிவோ என்பவர் எழுதிய 'அடிமைகளின் தீவு' என்ற நாடகம் அங்கே நடந்தது. கதை இது: கப்பல் உடைந்து, ஏதென்ஸ் நகரத்து எஜமான் ஒருவனும் அவனுடைய அடிமையும், எஜமானி ஒருத்தியும் அவளுடைய அடிமைப் பெண்ணும் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அந்தத் தீவோ, முற்காலத்தில் எஜமானர்களுக்கு எதிராகக் கலகம் செய்து தப்பி வந்த அடிமைகள் ஸ்தாபித்த குடியரசு. ஆதியில் அவர்கள், அங்கே வந்து ஒதுங்கும் எஜமானர்களைக் கொன்றுவிடுவது என்று சட்டம் வைத்திருந்தார்கள். பிறகு பகுத்தறிவு வந்து அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது கொல்லுவதில்லை, எஜமானை அடிமையாகவும் அடிமையை எஜமானாகவும் மாற்றி, மனிதத்தன்மை என்னும் பாடத்தை மூன்று வருஷம் படிக்க வைப்பார்கள். எஜமானின் பெயரையும் உடுப்பையும் அடிமை எடுத்துக்கொள்ளுகிறான்.

இதில் ஓர் இடம் உண்டு. தீவின் அதிகாரி அடிமையைப் பார்த்து, உன் பெயர் என்ன என்று கேட்கிறார். தனக்குப் பெயரே இல்லை என்றும், எஜமான் ஒரு சமயம் ஒரு பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஒரு சமயம் 'ஏய்' என்பார் என்றும் அவன் பதில் சொல்லுகிறான். கொட்டகையில் இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். நம்மவர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது? 'ஏய்' என்ற பெயர் எத்தனை லட்சம் பேருக்கு இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஒருவனை அடிமையாக்குவதற்கு முதல் வேலை அவனுக்குப் பெயர் இல்லாமல் செய்வதுதான் என்பதை அந்த ஆசிரியர் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

சரி, நாடகம் எப்படி முடிகிறது? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அடிமையானவன் எஜமானுடைய கண்ணீரைக் கண்டு தானும் கண்ணீர் விட்டு, உடுப்பைக் கழற்றித் திரும்பக் கொடுத்து, பழையபடி அடிமையாகிவிடுகிறான். அடிமைப் பெண்ணும் எஜமானியை மன்னித்துவிடுகிறாள். நால்வரும் ஏதென்சுக்குத் திரும்புகிறார்கள். தீவின் அதிகாரி கடைசியாகச் சொல்லும் தத்துவம் என்னவென்றால், மேல் நிலை கீழ் நிலை என்பதெல்லாம் தேவர்கள் நம்மைச் சோதிப்பதற்காக வைத்த பரீட்சை என்பதே!

இந்தத் தத்துவத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? அவர்கள் தேவர்களின் பரீட்சை என்றார்கள். நம்மவர்கள் தலையில் எழுதின எழுத்து என்றார்கள், முன் ஜென்மத்து வினை என்றார்கள். பரீட்சை வைப்பது உண்மையானால், ஒருவனுக்கே தினமும் பரீட்சை வைத்து, மற்றொருவனுக்குத் தினமும் பாஸ் போடுகிற வாத்தியாரை நாம் என்னவென்று அழைப்பது?

ஆனாலும் நாம் மாரிவோவைத் தூற்றவில்லை. ராஜாவின் காலத்தில், பிரபுக்கள் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில், எஜமானுடைய உடுப்பைக் கழற்றிக் காட்டினால் உள்ளே இருப்பவனும் அடிமையும் ஒரே மாதிரிதான் என்று ஒரு மணி நேரமாவது காட்டினாரே, அது பெரிய காரியம். ஆனால் கழற்றிய உடுப்பை மறுபடியும் மாட்டிவிடாமல் அவரால் திரையை இறக்க முடியவில்லை.

1760-ல் சோரேன் என்பவர் 'ஸ்பார்த்தகஸ்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். ஸ்பார்த்தகஸ் கிறிஸ்துவுக்கு முன் 73-ம் வருஷத்தில் ரோமாபுரியை நடுங்கச் செய்த அடிமைத் தலைவன். அந்தப் போர் தோற்றபோது, பிடிபட்ட 6,000 அடிமைகளை ரோமர்கள் ராஜபாட்டை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். பாரிஸ் மேடையில் அவன் வீரனாகவும் உத்தமனாகவும் வந்தான். செத்துப் பதினெட்டு நூற்றாண்டு ஆன அடிமைக்காகக் கண்ணீர் விடுவதற்குக் காசு செலவில்லை. அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குடித்த காப்பியில் உயிரோடிருக்கும் அடிமையின் ரத்தம் கலந்திருந்தது; அதற்குத்தான் செலவு.

அந்தச் செலவைக் கேட்டவர் ஒரு ஸ்திரீ! தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒலாம்ப் தெ கூஜ் என்பது அவர் பெயர். 1748-ல் மொந்தோபான் என்ற ஊரில் கசாப்புக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய படிப்புப் படித்தவரல்ல. அவர் எழுதிய அடிமை நாடகத்தை 1785-ல் ராஜாங்க நாடகசாலையான கொமெதி பிரான்சேஸ் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதே ஒழிய நடிக்கவில்லை. வருஷம் நாலு போயிற்று.

அந்த நாடகத்தில் சாமோர் என்று ஒரு அடிமை. மிர்சா என்று அவன் காதலி. எஜமானுடைய காரியஸ்தன் மிர்சாவின் மேல் கண் வைக்கிறான். அவள் இணங்கவில்லை. அதனால் அவளைத் தண்டிக்கும்படி சாமோருக்கே கட்டளையிடுகிறான். சாமோர் அந்தக் காரியஸ்தனைக் கொன்றுவிட்டு அவளோடு ஒரு தீவுக்கு ஓடிவிடுகிறான். அங்கே கப்பல் உடைந்து தவிக்கும் ஒரு பிரஞ்சுத் தம்பதியைக் காப்பாற்றுகிறான். முடிவில் பிடிபட்டு மரண தண்டனைக்கு நிற்கும்போது, காப்பாற்றப்பட்ட பெண் கவர்னருடைய மகள் என்று தெரிய வருகின்றது. கவர்னர் மன்னித்து விடுதலை கொடுக்கிறார்.

இன்னொரு சங்கதி: அச்சிட்ட புத்தகத்தில் சாமோரையும் மிர்சாவையும் 'இந்தியர்' என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பிரஞ்சுக்காரர்கள் கிழக்கையும் மேற்கையும் 'இந்தியாக்கள்' என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். ஆனால் அது வெறும் பெயர்க் குழப்பம் என்றும் தள்ளிவிட முடியாது. புதுச்சேரியிலிருந்து பிரஞ்சுக் கப்பல்கள் மொரிஷியஸ், பூர்போன் தீவுகளுக்குத் தமிழ் மக்களையும் அடிமைகளாக ஏற்றிச் சென்றிருக்கின்றன. ஆட்களை வஞ்சகமாய்ப் பிடித்து அடிமைகளாய் விற்ற செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை 1743-ம் வருஷத்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1789-ல் பிரஞ்சு தேசத்தில் புரட்சி வந்தது. மனிதர் யாவரும் பிறப்பில் சமம், சுதந்திரர் என்று ஆகஸ்டு 26-ந் தேதி விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரத்திற்கு நாலு மாதம் கழித்து, டிசம்பர் 28-ந் தேதி, அம்மையாரின் நாடகம் 'கறுப்பர் அடிமைத்தனம்' என்ற பெயரோடு ஒரு வழியாய் மேடையேறிற்று. என்ன நடந்தது? தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய ஆட்களும் கொட்டகையில் புகுந்து கூச்சல் போட்டார்கள். நாடகம் மூன்றே நாள் நடந்தது, அதோடு நிறுத்திவிட்டார்கள்.

எதைக் கண்டு அவர்கள் இவ்வளவு மிரண்டார்கள்? நாடகத்தில் புரட்சியா நடக்கிறது? இரண்டு பேருக்கு மன்னிப்புக் கிடைக்கிறது, அவ்வளவுதான். மற்ற அடிமைகளைப் பார்த்துக் கவர்னர், உங்களுக்கும் விடுதலை கொடுக்க என்னால் முடியவில்லையே என்று வருந்தி, நல்லவர்களாய் நடந்துகொள்ளுங்கள் என்று உபதேசம் செய்கிறார். இந்த இரண்டு பேர் விடுதலையையே அவர்களால் சகிக்க முடியவில்லை. எஜமானர்களின் புத்தி எப்பொழுதும் இப்படித்தான். பிச்சையாகக் கேட்டாலும் அவர்களுக்கு அது கலகமாகத்தான் தெரியும். அப்படியிருக்க, பிச்சை கேட்பானேன் என்றுதான் நாம் கேட்கிறோம்.

கொட்டகையில் நடந்த இந்தச் சண்டைதான் தேசிய சபையிலும் நடந்தது. ஒரு பக்கம் 1788-ல் ஏற்பட்ட 'கறுப்பர் நண்பர்கள் சங்கம்'. அதில் பிரிசோ, கொந்தொர்சே முதலிய அறிவாளிகள் இருந்தார்கள். மறுபக்கம் 1789-ல் தோட்ட முதலாளிகள் கூடிய மாசியாக் சங்கம். நண்பர்கள் கேட்டதுதான் என்ன? முதலில் ஆட்களைப் பிடித்து விற்கும் வியாபாரத்தை நிறுத்துங்கள்; விடுதலையைப் பிறகு படிப்படியாய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே. கொந்தொர்சே நல்ல அறிஞர், யோக்கியர். அவர் 1781-ல் எழுதிய புத்தகத்தில் அடிமைத்தனம் குற்றம் என்று நெற்றியில் அடித்தாற்போல் எழுதினார். ஆனால் அது முற்றிலும் ஒழிவதற்கு அவர் போட்ட திட்டம் எத்தனை வருஷம் தெரியுமா? எழுபது வருஷம்! குற்றம் என்று ஒப்புக்கொண்டவரே எழுபது வருஷம் வாய்தா கொடுத்தார் என்றால், குற்றமில்லை என்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

முதலாளிகள் கேட்டதோ இன்னும் விசித்திரம். 1791 மே 13-ந் தேதி தேசிய சபை ஒரு தீர்மானம் செய்தது. அடிமைகளின் நிலையைப் பற்றி, அந்தத் தீவுகளின் சபைகளே கேட்டுக்கொண்டாலொழிய எந்தச் சட்டமும் செய்வதில்லை என்பதே அது. தீவுகளின் சபை என்றால் யார்? அடிமைகளின் எஜமானர்கள். ஆட்டை விடுவிக்கலாமா என்று புலியிடம் மனு வாங்கி வரச் சொன்னார்கள்!

ஆடு மனுவுக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, 1791 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, சான் தொமிங் தீவின் வட பகுதியில் அடிமைகள் எழுந்தார்கள். கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. அறுக்கப்பட்ட காதுகளுக்கும், சூடு போட்ட தோள்களுக்கும் அன்று பதில் வந்தது.

ஐயோ, கொலை செய்தார்களே, கொள்ளையடித்தார்களே என்று சிலர் கேட்கலாம். ஒலாம்ப் அம்மையாரே கேட்டார். 1792-ல் தமது நாடகத்தை அச்சிட்டபோது எழுதிய முன்னுரையில், கொடியவர்களைப் போல நீங்களும் நடந்தால் கொடியவர்கள் செய்தது சரி என்றாகிவிடாதா என்று அடிமைகளைக் கடிந்துகொண்டார். அம்மையாரின் நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. கொலையை நாமும் விரும்பவில்லை. ஆனால் ஒரு கேள்வி: நூறு வருஷத்திற்கு மேலாக நடந்த கொலை சட்டப் புத்தகத்தில் 38-வது விதியாக இருந்தபோது அதற்குப் பெயர் ஒழுங்கு, ஒரு ராத்திரியில் திரும்பி வந்தபோது அதற்குப் பெயர் கொடுமையா? கொடுமை கூடாது என்கிறவன் முதல் கொடுமையிலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டாமா?

அந்த அம்மையார் பெண்களுக்கும் சம உரிமை வேண்டுமென்று 1791-ல் உரிமைப் பத்திரம் எழுதியவர். அதிகாரத்திலிருந்தவர்களைக் கண்டித்து எழுதியதற்காக 1793 நவம்பர் 3-ந் தேதி அவருடைய தலையை வெட்டிவிட்டார்கள். மூன்று மாதம் உயிரோடிருந்திருந்தால், தாம் மேடையில் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்த விடுதலை லட்சக்கணக்கான பேருக்குச் சட்டமானதைக் கண்டிருப்பார்.

அது எப்படிச் சட்டமாயிற்று? தீவில் வெள்ளை முதலாளிகளே பிரஞ்சுக் குடியரசுக்கு விரோதமாய்த் திரும்பினார்கள். ஸ்பெயினும் இங்கிலாந்தும் தீவின் மேல் கண் வைத்துப் படை நடத்தின. குடியரசைக் காப்பாற்றக் கறுப்பு வீரர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே 1793 ஆகஸ்டு 29-ந் தேதி அங்கிருந்த பிரஞ்சு அதிகாரி சோந்தோனாக்ஸ் வடபகுதி அடிமைகளுக்கு விடுதலை விளம்பரம் செய்தார். பிறகு அத்தீவின் பிரதிநிதிகள் மூன்று பேர் பாரிஸ் சபைக்கு வந்தார்கள். ஒருவர் வெள்ளையர் துஃபே. ஒருவர் கலப்பு ஜாதியார் மில்ஸ். ஒருவர் பெல்லே என்ற கறுப்பர், முன்னாள் அடிமை. 1794 பிப்ரவரி 4-ந் தேதி பிரஞ்சு நாடுகள் அனைத்திலும் அடிமைத்தனம் ஒழிந்தது என்று சபை தீர்மானித்தது. கை தட்டினார்கள், கட்டிக்கொண்டார்கள், கண்ணீர் விட்டார்கள். தாந்தோன் எழுந்து, இதனால் ஆங்கிலேயன் ஒழிந்தான் என்று மகிழ்ந்தார்.

தோழர்களே! இந்தக் காட்சியும் ஒரு நாடகத்தைப் போலவே இருக்கிறதல்லவா? ஆனால் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. மேடையில் கவர்னர் கொடுத்தார், அடிமை வாங்கிக்கொண்டான். இங்கே அடிமை எடுத்துக்கொண்டு வெகு நாளான பிறகு, சபை கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டது. எடுத்தவன் கையில் இருப்பது உரிமை; கொடுத்தவன் கையில் இருப்பது தயவு. தயவை எந்த நாளும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

அப்படித் திருப்பி வாங்கத்தான் நெப்போலியன் வந்தார். 1802 மே 20-ந் தேதிச் சட்டத்தால் அடிமைத்தனத்திற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். குவாதலூப் தீவில் தெல்கிரெஸ் என்ற வீரரும் அவருடன் இருந்த சுமார் முந்நூறு பேரும் மறுபடி அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தங்களையே அழித்துக்கொண்டார்கள். அங்கே அடிமைத்தனம் திரும்பி வந்துவிட்டது. சான் தொமிங் தீவிலோ துசேன் லூவர்த்தூர் இருந்தார். அடிமையாய்ப் பிறந்து, வண்டியோட்டியாயிருந்து, சேனாதிபதியாகி, தீவின் கவர்னரானவர். 1801-ல் அவர் செய்த அரசியல் சட்டத்தில், இங்கே அடிமை என்பவன் எக்காலத்திலும் இருக்க முடியாது என்று எழுதி வைத்தவர். நெப்போலியன் பெரும் படையை அனுப்பி, அவரை வஞ்சகமாய்ப் பிடித்து, பிரஞ்சு தேசத்துக் குளிர் மலையிலுள்ள ஷூ கோட்டையில் அடைத்தார். 1803 ஏப்ரல் 7-ந் தேதி அங்கேயே துசேன் மாண்டார். ஆனால் தீவின் மக்கள் அடங்கவில்லை. நெப்போலியன் படையை முறியடித்து 1804 ஜனவரி 1-ந் தேதி ஹெய்ட்டி என்ற சுதந்திர நாட்டை ஸ்தாபித்தார்கள்.

இவ்வளவு பெரிய சம்பவத்தைப் பிரஞ்சு நாடக ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? ரெமுசா என்பவர் 1820-களில் சான் தொமிங் கலகத்தையே கதையாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். அது அச்சானது எப்பொழுது தெரியுமா? 1977-ல்! அதாவது நூற்றைம்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. ஸ்பார்த்தகஸ் மேடைக்கு வரலாம்; தங்களைத் தோற்கடித்த அடிமை மேடைக்கு வரக்கூடாது போலும்!

கடைசியில் லமார்த்தீன் என்ற கவிஞர் எழுதிய 'துசேன் லூவர்த்தூர்' 1850 ஏப்ரல் 6-ந் தேதி பாரிசில் நடந்தது. லமார்த்தீன் சாமான்யரல்ல. 1848 ஏப்ரல் 27-ந் தேதி அடிமைத்தனத்தை இரண்டாம் தடவையாக ஒழித்த சர்க்காரில் அங்கத்தினராயிருந்து, அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர். நெப்போலியன், துசேனுடைய இரண்டு மக்களைப் பிரஞ்சு தேசத்தில் படிக்க வைத்து, தகப்பனை மயக்குவதற்காகப் படையோடு கூட அனுப்பினார் என்பது சரித்திரம். ஒரு மகன் தகப்பன் பக்கமும் மற்றொருவன் பிரஞ்சுக்காரர் பக்கமும் நின்றார்கள். எஜமான் கொடுக்கும் படிப்பு எதற்கு என்பதை அந்த ஒரு கட்டம் எடுத்துக்காட்டுகிறது. மகனுக்காக மானத்தை விடுவதா, மானத்துக்காக மகனை விடுவதா என்று அந்தக் கிழவர் தவிக்கும் தவிப்பைத்தான் லமார்த்தீன் நாடகமாக்கினார்.

நல்ல நாடகம்தான். ஆனால் துசேன் வேஷத்தில் நடித்தவர் லெமேத்தர் என்ற வெள்ளைக்கார நடிகர். முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டு நடித்தார். வெளியே கறுப்பனுக்கு விடுதலை வந்து இரண்டு வருஷமாகியும், மேடைமேல் அவனுக்கு இன்னும் இடமில்லை.

அந்த 1848-ம் வருஷத்து விடுதலையின் கதையையும் கேளுங்கள். உத்தரவில் பாரிசில் கையெழுத்தாயிற்று, கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் வருவதற்கு முன்பே, மே 22-ந் தேதி மார்த்தினிக் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே கவர்னர் விடுதலையை விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவையும் கொடுக்கிறவன் வருவதற்கு முன் எடுக்கிறவன் எடுத்துவிட்டான்!

பிறகு நஷ்டஈடு. 1849-ல் நஷ்டஈட்டுச் சட்டம் செய்தார்கள். யாருக்கு? தலைமுறை தலைமுறையாய்க் கூலியில்லாமல் உழைத்தவனுக்கா? இல்லை, அவனை வைத்து வேலை வாங்கிய எஜமானனுக்கு! ஹெய்ட்டி நாட்டின் கதை இன்னும் மோசம். 1825-ல் போர்க்கப்பல்களை நிறுத்தி மிரட்டி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங்கு கட்ட வேண்டுமென்று பிரஞ்சு ராஜா எழுதி வாங்கினார். 1838-ல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. கட்ட முடியாமல் கடன் வாங்கினார்கள்; கடனைத் தீர்க்கக் கடன் வாங்கினார்கள். அடிமையாயிருந்தவன் தன்னுடைய விலையைத் தானே எஜமானுக்குக் கட்டி மாண்ட கதை உலகத்தில் வேறெங்கே உண்டு?

அடிமைகள் போன பிறகு கரும்புத் தோட்டத்திற்கு ஆள் வேண்டுமே! 1853 மே மாதம் 'ஓரேலி' என்ற கப்பல் தமிழ்நாட்டு ஆட்களை மார்த்தினிக்கில் இறக்கிற்று. 1854 டிசம்பரில் குவாதலூப்பில் இறக்கிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாய்ப் பிடித்து ஏற்றினார்கள். அடிமை என்ற பெயர் போய்க் கூலி என்ற பெயர் வந்தது. குடிசை அதேதான், கரும்பும் அதேதான். மேடையில் திரை விழுந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போகிறவன் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

இதற்கு நூறு வருஷத்திற்குப் பின்னர் அந்தத் தீவுகளில் பிறந்தவர்களே இந்தக் கதையை நாடகமாக எழுதினார்கள். மார்த்தினிக்கில் பிறந்த கிலிசான் 1961-ல் துசேனைப் பற்றியும், அதே தீவில் பிறந்த செசேர் 1963-ல் கிறிஸ்தோப் ராஜாவைப் பற்றியும் நாடகங்கள் எழுதினார்கள். எழுதுவதற்குத் துணிவு வேண்டிய ஒன்றைச் செசேர் எழுதினார். கிறிஸ்தோப் ஹெய்ட்டியின் விடுதலைப் போரில் நின்ற முன்னாள் அடிமை. 1811-ல் தன்னையே ராஜாவாக்கி முடிசூட்டிக்கொண்டு, பிரபுக்கள் பட்டங்கள் கொடுத்து, மலைமேல் பெருங்கோட்டை கட்டுவதற்காகத் தன் ஜனங்களையே கசக்கிப் பிழிந்தார்; 1820-ல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்தார். எஜமான் போன பிறகு எஜமானுடைய நாற்காலியில் தான் உட்கார ஆசைப்படுகிறவனால் விடுதலை நிலைக்காது என்று, அடிமை வம்சத்தில் வந்த ஒருவரே தம் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். இதுவல்லவோ மானமுள்ளவன் செய்யும் காரியம்! பிறரைக் குறை சொல்லுவது சுலபம். நம்மை நாமே கேட்டுக்கொள்ளுவதுதான் கஷ்டம்.

ஆகவே தோழர்களே, இவ்வளவையும் எதற்காகச் சொன்னோம் என்றால், மேடையில் நல்ல எஜமான் ஒருவன் வந்து கடைசிக் காட்சியில் விடுதலை கொடுப்பான் என்று எழுதுகிறவர்கள் கெட்டவர்களல்ல. அவர்களில் தலை கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்லுவோம். ஆனால் அந்தக் கடைசிக் காட்சிக்காகக் காத்திருக்கிறவன் ஏமாந்து போவான். சாமோருக்குக் கவர்னர் மகள் கிடைத்தாள். மற்ற 5 லட்சம் பேருக்குக் கவர்னர் மகள் எங்கே போவாள்? அவர்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய இரண்டு கைகள்தான். அந்தக் கைகளைக் கண்ட பிறகுதான் பாரிஸ் சபைக்கு மனிதத்தன்மை ஞாபகம் வந்தது.

இனிமேல் நீங்கள் நாடகம் பார்க்கப் போனால் தாராளமாய்ப் போங்கள். அழ வேண்டிய இடத்தில் அழுங்கள். ஆனால் திரை விழுந்த பிறகு ஒரு நிமிஷம் உட்கார்ந்து, 'ராஜாவுக்கு ராஜ்யம் வந்துவிட்டது, சரி. அந்தக் கடைத்தெரு என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்கு எவனும் விடுதலையைப் பிச்சை போட வேண்டியதில்லை.